தலைச்சுமை இடுப்புக்கு எறங்குன கதை

வா தம்பி, ஒக்காரு. ஏன் இப்படி மூச்சு வாங்குது? ரோட்டுலேருந்து இந்த வலைக் கொட்டகைக்கு எத்தனை தூரம்? அறுபது அடி இருக்குமா? மணல்ல கால் பொதையுதுன்னு சாக்கு சொல்லாத. எங்க காலத்துலயும் இதே மணல்தான். சிமென்ட்டா போட்டு வச்சிருந்தான்?

கையில என்னடா கறுப்பா? கடியாரமா? எத்தனை அடி நடந்தேன்னு எண்ணிச் சொல்லுமா? சரிதான். இன்னிக்கு எத்தனை? ரெண்டாயிரத்து நூறா? மிச்சம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்தை எப்ப நடக்கப் போற, கனவுலயா?

பத்தாயிரம் நடக்கணும்னு யார் சொன்னா ஒனக்கு? டாக்டரா? நர்சுக்குப் படிக்கிற என் பேத்தி சொன்னா, கேளு. 1964ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சாம். அடுத்த வருசம் அங்க ஒரு கம்பெனி, இடுப்புல மாட்டிக்கிட்டு அடி எண்ணுற கருவி ஒண்ணு வித்துச்சாம். அதுக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அவங்க பாஷையில ஒரு பேரு. பேரு வாய்க்கு நல்லா இருந்துச்சு. ஒலகம் பூரா புடிச்சுக்கிட்டுது. யாவாரி வச்ச பேருடா அது. நீ அதை வேதம் மாதிரி மணிக்கட்டுல கட்டிக்கிட்டுத் திரியுற.

ஒன் பாட்டிக்குக் கடியாரம் இருந்துச்சா? விடியக்காலை கட்டுமரம் கரை தட்டுனதும் மீனைக் கூடையில வாருவா. தலையில சும்மாடு. சும்மாட்டு மேல கூடை. கூடையிலேருந்து மீன்தண்ணி ஒழுகி காதோரமா எறங்கும். நிரவி, போலகம், ஒரு நாளைக்கு வித்து முடியலன்னா திருமருகல் பக்கம் வரைக்கும் நடப்பா. வரப்புல நடப்பா, வாய்க்கால்ல எறங்கி ஏறுவா, தெருத்தெருவா 'மீனே'ன்னு கூவுவா. மீன் வித்த காசுக்கும் நெல்லுக்கும் பேரம் பேசுவா. திரும்பி வரும்போது கூடையில நெல்லு இருக்கும். போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம். வந்ததும் ஒக்காந்தாளா? குடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போனா.

இப்ப? ஐஸ் பொட்டி ஆட்டோவுல ஏறுது. கூடவே ஒன் சித்தியும் ஏறுது. தண்ணி குழாயில வீட்டுக்கே வருது. மாவு மெஷின்ல ஆட்டுது. துணி மெஷின்ல தொவைக்குது. நல்லதுதான், வேணாம்னு யார் சொன்னா? ஒன் பாட்டி கழுத்தெலும்பு தேஞ்சு கடைசிப் பத்து வருசம் தலையத் திருப்ப முடியாமக் கெடந்ததை நான்ல பாத்தேன். சும்மாட்டுக்குக் கோயில் கட்டணும்னு நான் சொல்லல. ஆனா ஒரு கணக்கு மட்டும் கேக்குறேன். தலையிலேருந்து அந்த மூட்டை எறங்குச்சே, அது எங்க போச்சு? காத்துல கரைஞ்சா போயிடுச்சு? கொஞ்சம் குனிஞ்சு பாரு. குனிய முடியலியா? சரி, கையால தடவிப் பாரு. அந்தா, இடுப்பச் சுத்தி ஒக்காந்திருக்கு பாரு, அதேதான்.

சிரிக்காத. சர்க்காரே கணக்கு எடுத்து வச்சிருக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வுன்னு ஒண்ணு. வீடு வீடா வந்து எடை பாப்பாங்க, ஒயரம் பாப்பாங்க, ரத்தம் பாப்பாங்க. 2019லேருந்து 2021 வரைக்கும் எடுத்ததைப் பேத்தி படிச்சுக் காட்டுனா. நாடு பூரா நூறு பொம்பளைல 24 பேரு எடை கூடிப் போயிருக்காங்க. நூறு ஆம்பளைல 23 பேரு. சரி, பெரிய நாடு, இருந்துட்டுப் போவுது. 'புதுச்சேரிக்கு எத்தனைம்மா?'ன்னேன். புதுச்சேரின்னா பாண்டி மட்டுமா? நம்ம காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேந்ததுதானே. பொம்பளைங்க 46. ஆம்பளைங்க 43. பொம்பளைங்க கணக்குல நாட்டுலேயே நாமதான் மொதல் எடம்!

அதுக்கு முந்தி 2015-16ல எடுத்தப்ப பொம்பளைங்க 37, ஆம்பளைங்களும் 37. அஞ்சு வருசத்துல என்ன பாய்ச்சல் பாத்தியா? பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுல அரை சதவீதம் கூடுனா மூலைக்கு மூலை ஃப்ளெக்ஸ் வைக்கிறீங்க. இந்தச் சாதனைக்கு ஏன்டா ஒரு போஸ்டரும் ஒட்டல? ஒரு சந்தோஷம் என்னன்னா, அந்தக் கணக்கு 15 வயசுலேருந்து 49 வயசு வரைக்கும்தானாம். கிழடுகளைச் சேக்கல. அதனால இந்தப் பழிக்கு நான் ஆளில்ல. முழுக்க முழுக்க ஒங்க பாடு.

இன்னொரு ஆராய்ச்சியும் இருக்காம். மெட்ராஸ் சக்கரை வியாதி ஆராய்ச்சிக்காரங்களும் ஐ.சி.எம்.ஆரும் சேந்து நாடு பூரா லட்சத்துச் சொச்சம் பேரைப் பாத்து 2023ல வெளியிட்டாங்க. அதுலயும் ஒடம்பு பெருத்ததுல மொதல் எடம் புதுச்சேரி, வயிறு பெருத்ததுல மொதல் எடம் புதுச்சேரி. வயித்துக் கணக்கு நூத்துக்கு 61. நாடு பூராவுக்கும் அது 39 சொச்சம்தான். சக்கரை வியாதியில மட்டும் கோவாக்காரன் நூலிழையில நம்மள முந்திட்டான். அவனுக்கு 26.4, நமக்கு 26.3. விட்டுக் குடுத்துட்டோமேடா!

இந்தியா படத்தை விரிச்சு வச்சுப் பாரு. தெக்கால நாம, தமிழ்நாடு, கேரளா. வடமேக்கால பஞ்சாப், டெல்லி, சண்டிகர். இங்கெல்லாம் பொம்பளைங்க நூத்துக்கு நாப்பதை ஒட்டியும் தாண்டியும் நிக்குறாங்க. நடுவுலயும் கெழக்காலயும் போனா படம் ஒட்டிப் போவுது. பீகார் 16. ஜார்க்கண்ட் 12. மேகாலயா 11 சொச்சம். ஒரே நாடு, ஒரே தேசிய கீதம். இடுப்பு மட்டும் ஊருக்கு ஒண்ணு.

'பீகார்க்காரங்க எவ்ளோ ஒழுங்கா சாப்பிடுறாங்க பாருங்க தாத்தா'ன்னு ஒரு படிச்ச பையன் எங்கிட்ட சொன்னான். அவன் கன்னத்துல ஒண்ணு குடுக்கலாம்னு இருந்துச்சு. பீகார்லயும் ஜார்க்கண்டுலயும் நாலு பொம்பளைல ஒருத்தி எலும்பும் தோலுமா இருக்கான்னு அதே ஆய்வு சொல்லுது. அது டயட்டாடா? பசிடா அது. ஒன் வீட்டுக்கு எதிர்ல கட்டடம் கட்டுறானே பீகார்ப் பையன், கவனிச்சிருக்கியா? செங்கல்லை ரெண்டு மாடி ஏத்துறான். மத்தியானம் சோறும் உருளைக்கிழங்கும். வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு. நீ ஜன்னல்ல நின்னு அவனைப் பாத்து 'சிக்ஸ் பேக்'குன்னு பெருமூச்சு விடுற. அவன் ஒன் ஏசியைப் பாத்துப் பெருமூச்சு விடுறான். மாத்திக்கிறீங்களா?

என்னையும்தான் சொல்றேன். பழைய ஃபோட்டோவுல நான் கயிறு மாதிரி இருக்கேன்னு ஊரெல்லாம் காட்டுற. 'எங்க தாத்தா பாருங்க, அந்தக் காலத்துச் சாப்பாடு!' அடப் போடா. அந்தக் காலத்துல சாப்பாடு இல்லடா, அதான் கயிறு. வாடைக் காத்து அடிச்சா பத்து நாளு மரம் எறங்காது. மரம் எறங்கலன்னா ஒலை ஏறாது. கிழங்கை அவிச்சுத் தின்னு, தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தோம். அதுக்கு நீங்க இப்ப 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்'னு பேரு வச்சு, அதுக்கு ஒரு ஆப்பு வச்சு, அந்த ஆப்புக்கு மாசாமாசம் காசும் கட்டுறீங்களாமே? நாங்க சும்மாவே கெடந்தோமேடா பட்டினி! காசு கேக்கத் தெரியாமப் போச்சே.

அப்புறம் எண்ணெய். எங்க அம்மா கடைக்கு ஒரு குப்பி குடுத்து விடும். குப்பி கழுத்துல சணல் கயிறு கட்டியிருக்கும். அதுல கடைக்காரன் ஒரு சின்னக் கரண்டி ஊத்துவான். தீவாளிக்கு மட்டும் ரெண்டு கரண்டி. கொழம்புல எண்ணெய் மெதந்தா அன்னிக்கு வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கான்னு தெருவுக்கே தெரியும். இப்ப அஞ்சு லிட்டர் கேனு அடுப்படியில காவல் நிக்குது. மலேசியாவுலேருந்தும் இந்தோனேசியாவுலேருந்தும் பாமாயில் கப்பல்ல வருது. தமிழ்நாட்டுப் பக்கம் ரேஷன்லயே பாக்கெட்டு போட்டுத் தர்றான். 2011 ஜூன்லேருந்து அங்க அரிசிக்கும் காசு இல்ல. அதைக் கொறை சொல்றவன் பசியக் கண்ணால பாக்காதவன். அரிசி வந்தது புண்ணியம். அரிசி கெடைச்ச அன்னிக்கு ஒலக்கைய வச்சுட்டோம், துடுப்பை வச்சுட்டோம், கூடைய எறக்கிட்டோம், தட்டை மட்டும் பெருசாக்கிட்டோம். நாலும் ஒரே காலத்துல நடந்தா நடுவுல இருக்குறது வீங்காம என்ன பண்ணும்?

மாலையில பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாரு. புரோட்டாக் கல்லு மேல தாளம் கேக்குதா? ரெண்டு கரண்டியும் சேந்து கச்சேரி பண்ணும். மைதாவை எண்ணெயில ஊறப் போட்டு, அடிச்சு, வீசி, மறுபடி எண்ணெயில போடுறான். நாலு தின்னா பத்துமா நமக்கு? மேல ஒரு கொத்து. அப்புறம் வாஞ்சூர்ப் பக்கம் ஒரு நடை. அங்க சரக்கு வெல கம்மின்னு நாகப்பட்டினத்துக்காரன் எல்லை தாண்டி வர்றான். வந்தவன் குடிச்சுட்டுப் போயிடுறான். இங்கயே கெடக்குறவன் கதி? குடிக்கு ஒரு தொப்பை, தொட்டுக்கிட்டதுக்கு ஒரு தொப்பை.

இன்னொரு கூத்து சொல்லவா? மீன் புடிக்கிற ஊருடா இது. நம்ம பட்டினச்சேரியில மீன் திங்கிறவன் எத்தனை பேரு சொல்லு. வஞ்சிரம் ஐஸ்ல படுத்து ஊரைத் தாண்டிப் போவுது. எறா ஏத்துமதிக்குப் போவுது. சரி, அது காசு மீனு. மத்தி எங்க போவுது? லாரியில அள்ளிக் கேரளாவுக்கு ஒரு பங்கு. மீன்மாவு ஆலைக்கு ஒரு பங்கு. அங்க அதை அரைச்சுக் கோழித் தீவனம் ஆக்குறான். அந்தத் தீவனத்தைத் தின்ன பிராய்லர் கோழி நம்மூர் முக்குக் கடைக்கு வருது. கோழியை எண்ணெயில பொரிச்சு, செகப்புப் பொடி தூவி, ஒனக்கு விக்குறான். நீ வலையப் போட்டுப் புடிச்ச மத்தியை நீயே கோழிக்குப் போட்டு, கோழியைக் காசு குடுத்து வாங்கித் தின்னு, ஒடம்பு பெருத்ததும் மருந்துக் கடைக்குப் போயி என்ன வாங்குற? மீன் எண்ணெய் மாத்திரை! ஏன்டா, மத்தி அங்கேருந்து சிரிக்காதா?

அந்தப் பொட்டியில என்ன? ஓட்ஸா? வைக்கோல் வாசனை வருது. சியா வெதையா? சப்ஜா வெதைக்கு அது என்ன ஒறவு, ஒண்ணு விட்ட தங்கச்சியா? கம்பும் கேவுறும் 'மில்லட்'டுன்னு பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டுக் கண்ணாடிக் கடையில நிக்குது. போன வருசம் மாரியம்மன் கூழை ஊத்துனப்ப மூக்கைச் சுளிச்சவன் நீதானே? வள்ளுவரு மருந்துன்னு ஒரு அதிகாரம் எழுதுனாரே, பள்ளிக்கூடத்துல படிச்சியா? பத்துல ஆறு கொறள் சோத்தைப் பத்தித்தான். மொதல்ல தின்னது செரிச்சுதான்னு பாருங்கிறதுதான் அவரு வைத்தியம். அவருக்கு ஓட்ஸ் தெரியாது, பாவம்.

இனிமேத்தான் விசயத்துக்கு வர்றேன். காரைக்கால் டவுன்ல ஜிம்முக்குப் போறியாமே? மாசம் எத்தனை? ஆயிரத்து ஐநூறா? அங்க என்ன பண்ணுவ? ஒரு தடவ நானும் பேரனோட போயிப் பாத்தேன்டா. தூக்கமே வரல அன்னிக்கி.

உள்ள நுழைஞ்சா குளுகுளுன்னு ஏசி. ஒரு பையன் தரையில ஒக்காந்து, கால நீட்டி, கையில ஒரு கட்டையப் புடிச்சு முன்னாலயும் பின்னாலயும் இழுக்குறான். வேர்த்துக் கொட்டுது. 'என்னடா பண்றான் இவன்?'ன்னேன். 'துடுப்பு போடுற மெஷின் தாத்தா.' துடுப்பா? தண்ணி எங்க? கரை எங்க? எவ்ளோ துடுப்பு போட்டாலும் அவன் அங்கயேதான் கெடக்கான். அந்தப் பையன் யாருன்னு நெனைக்கிற? நம்ம தெருக்காரன்டா! அவன் அப்பன் ஃபைபர் போட்டுல எஞ்சின் வச்சுக் கடலுக்குப் போறான். அவன் தாத்தாவும் நானும் ஒரே மரத்துல துடுப்பு போட்டவங்க. கழிமுகத்தைத் தாண்டறதுக்குள்ள தோள்பட்டை கழண்டு போவும். 'என் புள்ளையாவது துடுப்பைத் தொடக் கூடாது'ன்னு அவன் தாத்தா மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டான். ஆத்தா கேட்டுச்சு. புள்ளைக்கு எஞ்சின் குடுத்துச்சு. பேரன் மாசம் ஆயிரத்து ஐநூறு கட்டித் துடுப்பை மறுபடி வாங்கிட்டான்.

அந்தாண்ட மூலையில இன்னும் ரெண்டு பேரு. செவுத்துல கட்டுன தடிக் கயிறு ரெண்டு முனையையும் புடிச்சு ஆளுக்கொரு பக்கம் ஒதறுறாங்க. எதுக்குடா இந்தக் கோவம் கயிறு மேலன்னு கேட்டேன். கையும் தோளும் இறுகுமாம். கரைவலை இழுத்திருக்கியாடா நீ? ஒரு கயித்துக்கு இருபது பேரு நிப்போம். குதிகாலை மணல்ல ஊனி, முதுகச் சாய்ச்சு, அம்பாப் பாட்டு பாடி இழுப்போம். இந்தப் பக்கம் ஒருத்தன் அடி எடுப்பான், அந்தப் பக்கம் மொத்தப் பேரும் வாங்கிப் பாடுவாங்க. வலை கரைக்கு வரும்போது மீனு துள்ளும். பாடு இருந்தாப் பங்கு. இல்லன்னா வெறுங்கை. ஆனா இழுத்ததுக்கு ஒருத்தன்கிட்டயும் நாங்க கட்டணம் கட்டல.

இன்னொருத்தி ஓடுற ரோட்டு மேல ஓடிக்கிட்டு இருந்தா. ரோடு பின்னால ஓடுது, இவ முன்னால ஓடுறா, ரெண்டும் கணக்கு நேராப் போவுது. எதுத்தாப்புல டிவியில சமையல் நிகழ்ச்சி. பட்டர் சிக்கன். வெளியில வந்தா ஜிம்முக்கு வந்தவங்க வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. பாதி வண்டி நாலு தெரு தள்ளியிருந்து வந்தது. நடந்து வந்தா ஒடம்பு களைச்சுப் போயிடுமாம், அப்புறம் எப்படி ஓடுறது?

இந்தக் காரைக்கால்லதான் பொறந்தா காரைக்கால் அம்மையாரு. புனிதவதி. செட்டி வீட்டுப் பொண்ணு. மாம்பழக் கதை ஒனக்கும் தெரியும். புருசன் அவளைத் தெய்வம்னு விழுந்து கும்பிட்டதும், எனக்கு இந்தச் சதை வேணாம்னு ஈசன்கிட்ட கேட்டா. கேட்ட மாத்திரத்துல சதை உதுந்துச்சு. எலும்பும் நரம்புமாப் பேயுருவம் எடுத்தா. கயிலாயத்துக்குத் தலையாலயே நடந்தா. வேண்டிக்கிட்ட ஒடனே எடை எறங்குனது ஒலகத்துலயே அந்த அம்மா ஒருத்திக்குத்தான். ஒன்னோட ஜிம்முக்காரன் மூணு மாசம் கேக்குறான்ல? ஆனி மாசத்துல மாங்கனித் திருவிழாவுக்கு மாடியிலேருந்து மாம்பழம் எறைக்கிறாங்க. முன்னாடியெல்லாம் புடிச்ச பழத்தை அந்த எடத்துலயே கடிப்பாங்க. இந்த வருசம் பக்கத்துல நின்ன ஆளு புடிச்ச பழத்தைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. என்னண்ணேன்னு கேட்டேன். 'சுகரு, முந்நூறு'ன்னாரு. சதை வேணாம்னு கேட்ட அம்மாவோட ஊர்ல, சக்கரைக்கு பயந்துகிட்டு மாம்பழத்தை மோந்து பாக்குறோம்.

ஆமா, ஒனக்கு என்னமோ நம்பரு சொன்னியே, பி.எம்.ஐ.யா? எப்படிப் போடுறது? எடையை ஒயரத்தால ரெண்டு தடவ வகுக்கணும். நீ 84 கிலோ. ஒயரம் ஒரு மீட்டர் 68. கிட்டத்தட்ட 30 வருது. யாரு கண்டுபுடிச்சதாம்? பெல்ஜியத்துக்காரரு கெட்டலே, இருநூறு வருசத்துக்கு முன்னாடி. டாக்டரான்னு பேத்தியக் கேட்டேன். வானசாஸ்திரியாம்! நட்சத்திரம் பாத்துக்கிட்டிருந்தவரு மனுசங்களைக் கூட்டி வச்சு சராசரி போட்டிருக்காரு. 1972ல அமெரிக்காவுல ஒருத்தரு அதுக்கு இந்தப் பேரை வச்சு நடமாட விட்டாராம். கணக்கு மோசம்னு சொல்லல. மூட்டை தூக்கித் தோளு தடிச்சவனுக்கும் புரோட்டா தின்னு வயிறு தடிச்சவனுக்கும் அது ஒரே நம்பரைக் குடுக்கும், அவ்ளோதான்.

நம்ம ஒடம்பு வாகு வேற. வெள்ளைக்காரனுக்கு 25க்கு மேல போனாத்தான் எடை கூடுதல். நமக்கு 23லயே மணி அடிச்சிடணும்னு நம்ம டாக்டருங்க சொல்லிட்டாங்க. கை, காலு குச்சியா இருக்கும். வயிறு மட்டும் பானையா இருக்கும். அந்தப் பானைக்குள்ளதான் சக்கரையும் கொழுப்பும் குடித்தனம் பண்ணுது. அதனால ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பொம்பளைக்கு 80. சர்க்காரு ஆளுங்களும் 2019லதான் மொத மொதல்ல ஆய்வுல இடுப்பையும் அளக்க ஆரம்பிச்சாங்களாம்.

இதுக்காடா இவ்ளோ தாமதம்? அரணாக்கயிறு எதுக்குக் கட்டுனோம்? பொறந்த புள்ளைக்கு இடுப்புல கட்டுறோம், சாகுற வரைக்கும் கெடக்குது. கயிறு தொள தொளன்னு எறங்குனா சீக்குன்னு அர்த்தம், அம்மாக்காரி பாலைக் கூட்டுவா. கயிறு சதையில பதிஞ்சு தடம் போட்டா கொழுப்புன்னு அர்த்தம், அப்பங்காரன் வேலையைக் கூட்டுவான். பேட்டரி வேணாம். சார்ஜு போடவேணாம். நீ என்ன பண்ணுன? இறுக்குதுன்னு அறுத்துப் போட்டுட்டு எலாஸ்டிக்கு வச்ச பேண்டு வாங்கிட்ட. அது என்ன சொல்லும்? எவ்ளோ வேணா தின்னு ராசா, நான் விரிஞ்சு குடுக்குறேன்னு சொல்லும். அளவு காட்டுறவனை வெரட்டிட்டு, ஆமாம் சாமி போடுறவனை இடுப்புல கட்டியிருக்க.

பொம்பளைங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இது கேலி இல்ல. ஊர்ல எல்லாவனும் 'பொண்டாட்டி பெருத்துட்டா'ன்னு கேலி பேசுறான். அதே ஆய்வுல நாட்டுல நூறு பொம்பளைல 57 பேருக்கு ரத்தசோகை. ஒடம்பு இருக்கு, ரத்தம் இல்ல. எப்படி வந்துச்சு இந்த வேடிக்கை? எல்லாரும் தின்ன பெறகு சட்டியில என்ன மிஞ்சும்? மீனா? மீனு புருசன் தட்டுக்கும் புள்ளை தட்டுக்கும் போயிடும். மிஞ்சுறது சோறும் கொழம்பும். வீணாப் போவக் கூடாதுன்னு அதையும் அவளே தின்னு தீக்குறா. குப்பைத் தொட்டி வேலையை அவ வயித்துக்குக் குடுத்துட்டு, அப்புறம் அவ இடுப்பை அளக்குறியா? மொதல்ல அவளை ஒக்கார வச்சு ஒரு மீன் துண்டு போடு. ஜிம்மு அப்புறம் பாக்கலாம்.

நாம மட்டும்தான்னு நெனைக்காத. நவ்ருன்னு பசிபிக் கடல்ல ஒரு தீவு. நம்ம ஜாதிடா, மீன் புடிச்ச சனம். தரைக்கு அடியில பாஸ்பேட்டு கெடைச்சுச்சு. காசு கொட்டுச்சு. வலையை வச்சுட்டான். டப்பாவுல அடைச்ச கறியும் சீமை அரிசியும் கப்பல்ல வந்துச்சு. இப்ப அங்க பெரியவங்கள்ல பாதிக்கு மேல ரொம்பப் பெருத்துப் போனவங்க. பாஸ்பேட்டும் தீந்து போச்சு. அமெரிக்காவுலயும் மாகாணத்துக்கு மாகாணம் இடுப்பு மாறுது. மேக்கு வர்ஜீனியாவுல ரொம்பப் பெருத்தவங்க நூத்துக்கு 41, மலை நாடான கொலராடோவுல 25. அங்க தலைகீழ்: ஏழைதான் பெருத்துக் கெடக்கான், பணக்காரன் ஓடுறான். நம்ம ஊர்ல காசு வந்த வீட்டுலதான் மொதல்ல வயிறு வருது. கொஞ்சம் பொறு, ரெண்டு ரூவா பாக்கெட்டுல பொரிச்சதெல்லாம் குப்பத்துக்கும் வந்துடுச்சு. அந்தச் சமத்துவத்தையும் பாத்துட்டுத்தான் போவேன் போலிருக்கு.

வைத்தியம் பாக்காமலா இருக்காங்க? கேரளாவுல 2016ல பர்கருக்கும் பீசாவுக்கும் 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டாங்க. புரோட்டாவும் பழம்பொரியும் அப்பாவி மாதிரி அந்தாண்ட நின்னு வேடிக்கை பாத்துச்சு. அடுத்த வருசம் ஜி.எஸ்.டி. வந்துச்சு, அந்த வரியும் போச்சு. 2025 பிப்ரவரியில பிரதமரு ரேடியோவுல எண்ணெயைப் பத்து சதவீதம் கொறைங்கன்னாரு. நல்ல பேச்சுத்தான். ஒன் அத்தை கேட்டுட்டு என்ன பண்ணுச்சு? தாளிக்கிற எண்ணெயில ஒரு கரண்டி கொறைச்சுது. அப்பளம் பொரிக்கிற சட்டியில ஊத்துனது கணக்குல வராதாம்.

சரி, மாசி மகம் வருது. நீ ஊர்லதானே இருப்ப? திருக்கண்ணபுரத்துப் பெருமாளு நம்ம கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரணும். நம்ம பொண்ணு பத்மினியைக் கட்டிக்கிட்டவரு, நமக்கு மாப்பிள்ளை. தோள்ல தூக்கிக்கிட்டு 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை'ன்னு கத்திக்கிட்டு வருவோம். அவருக்கு ராத்திரி தோறும் முனையதரையன் பொங்கல், நெய் ஒழுக ஒழுக. எத்தனை நூறு வருசமாத் தின்னுறாரு! போன வருசம் சப்பரத்துக்கு முன்தண்டுல நீ நின்னியே, ஞாபகம் இருக்கா? ரெண்டு மின்கம்பம் தாண்டல. 'தோளு மாத்துங்க, தோளு மாத்துங்க'ன்னு கத்துன. எறங்கி ஓரமா நின்னு, முட்டியப் புடிச்சுக்கிட்டு, எங்கிட்ட என்ன சொன்ன? 'தாத்தா, பெருமாள் இந்த வருசம் ரொம்ப கனமா இருக்காரு.'

ஐம்பொன்னுடா அவரு.